ஊடகச் சுதந்திரம் யாருடைய கவலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக வாசகர் வட்டங்களிலும் கல்லூரி இதழியல் வகுப்புகளிலும் இந்தப் பொருளைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் உண்மையான சந்தேகங்கள் வெளியே வருகின்றன. ஊர் மாறினாலும் சந்தேகங்கள் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே, கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சான்றுகள் அனைத்தும் இந்தியாவைச் சேர்ந்தவை; அவற்றில் பல தமிழ்நாட்டில் நடந்தவை. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை என்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

குடிமைச் சமூகம் என்கிறீர்களே, என்ஜிஓக்களைத்தான் அப்படிச் சொல்கிறீர்களா?

அவற்றை மட்டும் அல்ல. அரசின் அங்கமாக இல்லாமல், லாபத்துக்காக நடக்கும் நிறுவனமாகவும் இல்லாமல், மக்கள் தாமாகக் கூடி நடத்தும் எல்லா அமைப்புகளும் குடிமைச் சமூகத்தில் சேரும். வழக்கறிஞர் சங்கம், தொழிற்சங்கம், எழுத்தாளர் அமைப்பு, மாணவர் மன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) போன்ற உரிமை அமைப்புகள், தெருமுனை வாசகசாலை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பதிவு எண்ணும் அலுவலகமும் கொண்ட தொண்டு நிறுவனங்கள் அதில் ஒரு சிறு பகுதிதான்.

பத்திரிகையாளர் அமைப்புகளுக்கு இதில் இரட்டை முகம் உண்டு. சம்பளத்துக்காகப் பேசும்போது அவை தொழிற்சங்கங்கள். ஒரு செய்தி வெளிவருவதற்கான உரிமைக்காகப் பேசும்போது அவை குடிமை அமைப்புகள். 1978இல் தொடங்கப்பட்ட இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கமான எடிட்டர்ஸ் கில்டு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நமது அரசமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறதா?

இல்லை. 19(1)(அ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. பத்திரிகை அந்த உரிமைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பத்திரிகைக்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்று அரசமைப்பு அவையில் கோரிக்கை எழுந்தபோது, தனி மனிதருக்கு இல்லாத சிறப்புரிமை எதுவும் பத்திரிகைக்கு இல்லை என்பதால் அதைத் தனியே எழுதத் தேவையில்லை என்று அம்பேத்கர் விளக்கினார்.

இந்த உரிமையை உச்ச நீதிமன்றம் முதன்முதலில் நிலைநாட்டிய வழக்குகளில் ஒன்று நம் மாநிலத்தைப் பற்றியது. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று மாகாண அரசு தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950 மே மாதம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, கட்டுப்பாடுகளுக்கான காரணங்களில் ‘பொது ஒழுங்கு’ என்பதைச் சேர்த்தது. ஒரு வழக்கில் வென்ற இடத்தைச் சட்டத் திருத்தம் திரும்பப் பிடித்துக்கொள்ளும் இந்த ஆட்டம் அன்று தொடங்கியது.

அது பத்திரிகை முதலாளிகளின் உரிமைதானே? வாசகனுக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தைத் தொகுக்கத் தூண்டிய கேள்வியே இதுதான். முந்தைய பதிலில் சொன்ன பிரிவு ‘குடிமக்கள்’ என்று சொல்வதால், ஒரு கம்பெனி தன் பெயரில் மட்டும் அந்த உரிமையைக் கோருவதில் அந்நாளில் சிக்கல் இருந்தது. எனவே பத்திரிகைச் சுதந்திரத்தின் பெரிய வழக்குகளில் மனுதாரர்களாக ஆசிரியர்களும் பங்குதாரர்களும், அவர்களோடு வாசகர்களும் வந்து நின்றார்கள். பக்க எண்ணிக்கைக்கு ஏற்ப விலையை அரசு நிர்ணயிக்கும் ஏற்பாட்டை 1961இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த ‘சகால்’ வழக்கில், அந்த மராத்தி நாளிதழின் வாசகர்களும் மனு செய்திருந்தார்கள். அச்சுக் காகிதக் கட்டுப்பாட்டை எதிர்த்த பென்னட் கோல்மன் வழக்கிலும் மனுதாரர்களில் ஒருவர் வாசகர்.

செய்தி வராமல் போனால் முதலாளிக்கு நட்டம் பணத்தில். உங்கள் ஊர் ஏரியை யார் ஆக்கிரமித்தார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போவது வேறு வகையான நட்டம். அதைக் கேட்கும் தகுதி உங்களுக்கே உண்டு.

பிரஸ் கவுன்சில் இருக்கிறது, பத்திரிகையாளர் சங்கங்கள் இருக்கின்றன. வெளியார் எதற்குத் தலையிட வேண்டும்?

பிரஸ் கவுன்சில் ஒரு சட்டப்பூர்வ அமைப்பு. தலைவரும் 28 உறுப்பினர்களும் கொண்ட அது புகார்களை விசாரிக்கலாம், எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், தண்டிக்க முடியாது. அச்சு ஊடகமும் செய்தி முகமைகளும் மட்டுமே அதன் வரம்புக்குள் வருகின்றன. தொலைக்காட்சியும் இணையச் செய்தித் தளங்களும் வருவதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு அதைக் கலைத்துவிட்டு, பின்னர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் அது திரும்ப வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தேவைப்படும் நாளில் இல்லாமல் போகக்கூடிய ஒரு காவலரை மட்டும் நம்பி வீட்டைத் திறந்துபோட முடியாது.

சங்கங்களின் கஷ்டம் வேறு. ஒரே ஊரில் மூன்று சங்கங்கள் இருக்கும். மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. நிர்வாகத்தின் கோபத்துக்கு அஞ்சி ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் மற்றொரு நிறுவனத்தின் ஊழியருக்காகத் தெருவில் நிற்கத் தயங்குவதும் உண்டு. வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் தொழிற்சங்கத்தாரும் அந்தத் தயக்கம் இல்லாமல் பேசலாம்.

நெருக்கடி நிலையில் எல்லோரும் பேசாமல்தானே இருந்தார்கள்?

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் வரை நீடித்த அந்தக் காலத்தைப் பற்றி அப்படிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பெரிய நாளிதழ்களில் பலவற்றைப் பொறுத்தவரை அது அவ்வளவு பிழையும் அல்ல. ஆனால் முன்தணிக்கையை நீதிமன்றத்தில் உடைத்தவை சிறிய ஏடுகள். குஜராத்தில் சர்வோதய இயக்கத்தின் இதழான ‘பூமிபுத்ரா’, ஆமதாபாத்தில் நடந்த சிவில் உரிமை மாநாட்டின் உரைகளை வெளியிட்டதால் நடவடிக்கைக்கு உள்ளானது. அதன் ஆசிரியர் சுனிபாய் வைத்யா தொடுத்த வழக்கில், குஜராத் உயர் நீதிமன்றம் தணிக்கை நெறிமுறைகளைச் செல்லாதவையாக்கியது. பம்பாயில் மினு மசானி நடத்திய ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ என்ற சிறு மாத இதழும் தணிக்கையாளரை எதிர்த்து 1976இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது.

இவ்விரு வழக்குகளையும் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது ஒன்று உண்டு: ஒன்று காந்திய இயக்கத்தின் ஏடு, மற்றொன்று தாராளவாதியின் ஏடு; இரண்டுக்கும் விளம்பரதாரர்கள் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. இழப்பதற்கு அச்சகமும் சந்தாப் பட்டியலும் மட்டுமே இருந்தவர்கள் துணிந்தார்கள். அதே காலத்தில் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கைது செய்யப்பட்டபோது, ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தவர் அவர் மனைவி. ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியில் 1976இல் தோன்றிய உரிமை அமைப்பிலிருந்துதான், முதல் பதிலில் குறிப்பிட்ட பியூசிஎல் 1980இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

போராடி ஒரு சட்டத்தையாவது நிறுத்திய வரலாறு உண்டா?

குறைந்தது இரண்டு முறை உண்டு. 1982இல் பீகாரில் ஜெகன்னாத் மிஸ்ரா அரசு கொண்டுவந்த பத்திரிகை மசோதாவை எதிர்த்து நாடு முழுவதும் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் எதிர்க்கட்சிகளும் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு அது கைவிடப்பட்டது. 1988இல் ராஜீவ் காந்தி அரசின் அவதூறு மசோதா ஆகஸ்ட் இறுதியில் மக்களவையில் நிறைவேறியே விட்டது. அரசிடம் அப்போது இருந்த பெரும்பான்மை சாதாரணமானது அல்ல. ஆயினும் பத்திரிகை முதலாளிகள், ஆசிரியர்கள், அச்சுத் தொழிலாளர்கள் என ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் ஒரே ஊர்வலத்தில் நடந்ததும், பொதுமக்கள் கருத்து அவர்கள் பக்கம் சாய்ந்ததும் சேர்ந்து, செப்டம்பரிலேயே அதைத் திரும்பப் பெற வைத்தன.

தமிழ்நாட்டில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில், அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. அது சட்டமன்றத்தின் உரிமை மீறல் என்று சொல்லி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் இல்லாமல் அவையே புகார்தாரராகவும் நீதிபதியாகவும் இருந்தது. எழுந்த எதிர்ப்பில் சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அவர் அதோடு விடவில்லை. நீதிமன்றத்துக்குப் போய், ஆண்டுகள் கழித்து வென்று, இழப்பீடாக வந்த 1,000 ரூபாயைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்ததாகச் சொல்வார்கள்.

2003 நவம்பரில் அதே ஆயுதம் ‘தி இந்து’ நாளிதழைச் சேர்ந்த ஐவர் மீதும் ‘முரசொலி’ ஆசிரியர் மீதும் பாய்ந்தது; 15 நாள் சிறை. அடுத்த சில நாள்களில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. அரசியலில் எதிரெதிராக நிற்பவர்கள்கூட அந்த வாரம் ஒரே மேடையில் பேசினார்கள். இந்த இரு நிகழ்வுகளும் ஒரு கட்சியின் ஆட்சியில் நடந்தவை என்று யாராவது சுட்டிக்காட்டினால், மற்றக் கட்சிகளின் ஆட்சிக் காலங்களிலும் வழக்குகளும் கைதுகளும் உண்டு என்பதே என் பதில். ஆட்சியைப் பார்த்து எதிர்ப்பை அளந்து தரும் அமைப்பின் சொல்லுக்கு அடுத்த முறை மதிப்பிருக்காது.

உரிமை மீறலைவிட அவதூறு வழக்குதான் அதிகம் என்கிறார்கள். அதில் அமைப்புகள் என்ன செய்ய முடியும்?

அவதூறைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. இரண்டாண்டுச் சிறை என்பது ஏட்டில் இருப்பது. மாதாமாதம் வாய்தாவுக்காக அலைவதுதான் உடம்பில் படுவது. ஆகவே அமைப்புகளின் முதல் உதவி எளிமையானது: வழக்கு நடக்கும் ஊரில் கட்டணம் வாங்காத ஒரு வழக்கறிஞரையும், தங்க ஓர் இடத்தையும் ஏற்பாடு செய்வது.

இரண்டாவது, கையில் இருக்கும் தீர்ப்புகளைச் செய்தியாளர்களுக்குத் தெரியப்படுத்துவது. ‘நக்கீரன்’ இதழ் தொடுத்த ராஜகோபால் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் வெளியீட்டுக்கு முன்பே தடுக்கும் அதிகாரம் அரசு அதிகாரிகளுக்கு இல்லை என்றும், அரசு என்ற முறையில் அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது என்றும் கூறியது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தமிழக அரசு ஊடகங்கள் மீது அரசு வழக்கறிஞர் மூலம் தொடுத்திருந்த இருபதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது; அரசு வழக்கறிஞர் வந்த புகாரை அப்படியே தள்ளிவிடும் தபால் நிலையம்போல் நடந்துகொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். மாவட்டச் செய்தியாளர்களில் பலர் இந்த இரண்டையும் கேள்விப்பட்டதில்லை. அவற்றை நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெரிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

ஒரு செய்தியாளரைக் கைது செய்துவிட்டார்கள் என்று தகவல் வருகிறது. முதல் நாளில் என்ன செய்வது?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 22ஆம் பிரிவு. அந்த 24 மணி நேரத்தில் கண்டன அறிக்கை எழுதுவதைவிட, எந்த நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகிறார்கள் என்று கண்டுபிடித்து ஒரு வழக்கறிஞரை அங்கே நிறுத்துவது முக்கியம். 2018 அக்டோபரில் ‘நக்கீரன்’ ஆசிரியர் கோபால், ஆளுநரைப் பற்றிய கட்டுரைகளுக்காக, ஆளுநரை அச்சுறுத்தித் தடுப்பது தொடர்பான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஆம் பிரிவின் கீழ் சென்னையில் கைது செய்யப்பட்டார். எழும்பூர் நீதிமன்றத்தில் மூத்த பத்திரிகையாளர் என். ராம் எழுந்து, பத்திரிகையாளர் என்ற முறையில் தன் கருத்தைச் சொல்ல அனுமதிக்கப்பட்டார். அன்றே மாஜிஸ்திரேட் நீதிமன்றக் காவலுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். காலையில் கைதானவர் மாலையில் வீட்டில் இருந்தார்.

இதற்கு மாறானது சித்திக் காப்பன் வழக்கு. உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் நோக்கிப் போகும் வழியில் 2020 அக்டோபரில் கைதான அந்தக் கேரளச் செய்தியாளருக்காகக் கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம் உடனே உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது. எனினும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபா சேர்க்கப்பட்டிருந்ததால், உச்ச நீதிமன்றம் பிணை வழங்க 2022 செப்டம்பர் வரையிலும், அவர் சிறையிலிருந்து வெளிவர 2023 பிப்ரவரி வரையிலும் ஆயிற்று. எந்தச் சட்டப்பிரிவு என்பதைப் பொறுத்து ஒரு நாள் வேலை இரண்டாண்டு வேலையாகிவிடும் என்பதால், முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுவதே முதல் காரியம். உபா வழக்கில்கூடக் கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்பதை, ‘நியூஸ்கிளிக்’ நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவின் வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, அவரது கைதைச் செல்லாததாக்கியது.

ஆளைப் பிடிக்காமல் இணையதளத்தையே முடக்கிவிட்டால்?

2025 பிப்ரவரியில் தமிழ் வாசகர்கள் இதை நேரில் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதை ஒட்டி, பிரதமர் மோடி விலங்குடன் டிரம்ப் அருகே அமர்ந்திருப்பதாக ‘விகடன் பிளஸ்’ மின்னிதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. புகார் போன பிறகு, பலருக்கு விகடனின் முழு இணையதளமும் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக, பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த கட்டுரைகள் அத்தனையும் கண்ணில் படாமல் போயின. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தை இடைக்காலமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது.

இதில் வென்றது யார் என்று என்னிடம் கேட்கிறார்கள். தளம் திரும்பியது வெற்றி. வழக்கு முடியும் முன்பே சித்திரம் இறங்கியது வெற்றி அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவும் அதன் கீழுள்ள 2009ஆம் ஆண்டு விதிகளும், முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைக்க இடம் தருகின்றன. உத்தரவே கைக்கு வராமல் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? இங்கேதான் வாசகர்களின் பங்கு வருகிறது: எந்த நாளில், எந்த இணையச் சேவையில், என்ன பிழைச் செய்தியுடன் தளம் திறக்கவில்லை என்பதைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைப்பது, முடக்கம் நடந்ததற்கான சான்றாகிறது.

காஷ்மீரில் இணையத்தையே நிறுத்தினார்களே, நீதிமன்றம் என்ன செய்தது?

‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் காலவரையின்றி இணையத்தை நிறுத்த முடியாது என்றும், நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் சேவையை உடனே திருப்பித் தரச் சொல்லவில்லை. ஊடகத் தொழிலாளர்களுக்கான ஓர் அறக்கட்டளை 4ஜி வேகத்தைக் கேட்டுத் தனி வழக்குத் தொடுத்தது. அதிலும் ஒரு குழுதான் அமைக்கப்பட்டது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். பின்னால் வந்த வழக்குகளுக்கு இந்தத் தீர்ப்பு பெரிதும் உதவுகிறது. அன்றைய காஷ்மீர் வாசகருக்கு அது உதவியதாக என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் தீர்ப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறா?

தவறுதான், அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவைவிடத் தெளிவான சான்று வேறில்லை. இணையத்தில் ‘எரிச்சலூட்டும்’ பதிவுகளைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை, சட்ட மாணவியாக இருந்த ஷ்ரேயா சிங்கால் முதலாகப் பலர் எதிர்த்து, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. நீக்கிய பிறகும் பல மாநிலங்களின் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. பியூசிஎல் அவற்றைத் திரட்டி மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021இல் அதைக் கேட்ட நீதிபதிகளே திகைத்தார்கள். இனி யார் மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்ற திட்டவட்டமான உத்தரவு 2022 அக்டோபரில்தான் வந்தது.

ஏழாண்டுகள் இறந்த சட்டம் ஒன்று உயிரோடு நடமாடியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது எந்த ஆர்ப்பாட்டமும் அல்ல; நீதிமன்ற இணையதளங்களில் வழக்கு வழக்காகத் தேடி எண்ணிக்கொண்டிருந்தவர்களின் பொறுமை. ஊடகச் சுதந்திரப் பணியின் பெரும்பகுதி இப்படிப்பட்ட கணக்குப்பிள்ளை வேலை.

கொலையே நடந்த பிறகு என்ன பயன்? மெழுகுவர்த்தி ஏற்றுவதுதானே மிச்சம்?

பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அந்தக் கூட்டங்கள் வீண் அல்ல. சிறப்புப் புலனாய்வுக் குழு தொடர்ந்து இயங்குவதற்கான அழுத்தம் அவற்றிலிருந்தும் வந்தது. ஆனால் கூட்டம் கலைந்த பின்னும் வழக்கு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் மீதான திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டப் பிரிவுகளைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் நீக்கியபோது, மேல்முறையீட்டுக்கு உச்ச நீதிமன்றம் போனவர் கௌரியின் தங்கை கவிதா லங்கேஷ். அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவுகளை மீட்டுத் தந்தது. நான்காண்டுகள் கழித்து ஒரு குடும்பம் அப்படி நிற்க வேண்டுமானால், அதன் பின்னால் யாராவது இருக்க வேண்டும்.

பெரிய பெயர்களுக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். எங்கள் ஊர்த் தாலுகா நிருபருக்கு யார் வருவார்?

இந்தக் குறை நியாயமானது. மணல் கொள்ளையையும் குவாரி முறைகேட்டையும் எழுதுபவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லாத, செய்திக்கு இவ்வளவு என்று பெறுகிற பகுதிநேர நிருபர்கள். அடி விழுந்த மறுநாள், ‘அவர் எங்கள் ஊழியர் அல்லர்’ என்று நிறுவனமே கையை விரித்த நிகழ்வை நானே பார்த்திருக்கிறேன். அரசு அங்கீகார அட்டை அவரிடம் இருக்காது. காவல் நிலையத்தில் அவர் ‘பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொள்பவர்’ ஆகிவிடுவார்.

மகாராஷ்டிரத்தில் பத்திரிகையாளர் அமைப்புகள் நெடுங்காலம் போராடி 2017இல் ஒரு பாதுகாப்புச் சட்டத்தைப் பெற்றன. செய்தியாளர் மீதான தாக்குதலுக்கு மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். சத்தீஸ்கரிலும் 2023இல் ஒரு சட்டம் வந்தது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாலுகா அளவில் ஒரு வழக்கறிஞர், ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு விவசாயச் சங்கப் பொறுப்பாளர் ஆகிய மூவர் காவல் நிலையத்துக்கு உடன் போனால் வழக்குப் பதிவாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது என் அனுபவம்.

வெறுப்பையும் பொய்யையும் பரப்பும் சேனல்களுக்கும் சேர்த்தா குரல் கொடுக்க வேண்டும்?

கசப்பான பதில்: கைது, முடக்கம், முன்தணிக்கை என்று வரும்போது, ஆம். 2020 நவம்பரில் அர்னாப் கோஸ்வாமி மகாராஷ்டிரத்தில் கைதானபோது, அவரது பாணியை ஏற்காத பலரும் இருந்த எடிட்டர்ஸ் கில்டு அதைக் கண்டித்தது. ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை தந்தது. அதே வேளையில் மேலே சொன்ன காப்பன் சிறையில் இருந்தார். அந்த வேறுபாட்டைப் பற்றி உரக்கப் பேசும் தகுதி, இருவருக்காகவும் பேசியவர்களுக்கே இருந்தது. கைதை எதிர்ப்பது வேறு, கைதானவரை விமர்சிப்பது வேறு. ஒரு சேனலின் பொய்யை ஆதாரத்துடன் அம்பலப்படுத்துவதும் குடிமைச் சமூகத்தின் வேலைதான்.

பொய்யைப் பிடிக்கும் வேலையை அரசிடமே கொடுத்துவிடலாமே என்பார்கள். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்கும் ‘உண்மை சரிபார்ப்புப் பிரிவு’ ஒன்றை 2023ஆம் ஆண்டு விதிகளில் கொண்டுவந்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, எடிட்டர்ஸ் கில்டு, பத்திரிகைச் சங்கங்கள் ஆகியோர் எதிர்த்தார்கள். இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாம் நீதிபதியின் முடிவால் 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இந்த அமைப்புகளெல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் நடப்பவைதானே?

செய்தி நிறுவனங்களும் செய்தியாளர்களும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டமே தடை செய்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி வேண்டும், அதுவும் 2020 திருத்தத்துக்குப் பின் கடுமையாகிவிட்டது. மேலே வந்த சான்றுகளில் சர்வோதய இதழ், ஒரு மனைவி, ஒரு தங்கை, ஒரு சட்ட மாணவி, ஒரு மாநிலத் தொழிற்சங்கம் ஆகியோர் இருக்கிறார்கள். எனினும் கேள்வி கேட்பது சரியே. ஊடகத்திடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் அமைப்பு, தன் வரவு செலவைக் கேட்டவுடன் காட்ட வேண்டும்.

உலகப் பட்டியலில் இந்தியா 151ஆம் இடம் என்கிறார்கள். நம்பலாமா?

‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பின் பட்டியலில் 180 நாடுகளில் இந்தியா 2024இல் 159ஆம் இடம், 2025இல் 151ஆம் இடம். அரசியல், பொருளாதாரம், சட்டம், சமூகச் சூழல், பாதுகாப்பு ஆகிய ஐந்து அளவுகோல்களில், வல்லுநர்களின் பதில்களும் சேர்த்து மதிப்பிடப்படுவது அது. எட்டு இடம் ஏறிவிட்டோம் என்று மகிழ்வதற்கும் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை; பிறர் இறங்கினாலும் நாம் ஏறுவோம். நான் கூட்டங்களில் இந்த எண்ணைச் சொல்வதில்லை, ஏனெனில் மீதி நேரம் முழுவதும் எண்ணைப் பற்றிய சண்டையிலேயே போய்விடும்.

செய்தியாளருக்கு நாம் தரக்கூடியது ஆதரவு மட்டும்தானா?

தகவலும் தரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அப்படிப் பிறந்ததுதான்: ராஜஸ்தான் கிராமங்களில் கூலிப் பட்டியலைப் பொதுவில் படித்துக் காட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனும், 1996இல் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்த நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான பிரஸ் கவுன்சிலும் அதன் முன்னோடிகள். தமிழ்நாடு 1997லேயே தனக்கென ஒரு தகவல் சட்டத்தை இயற்றியிருந்தது. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(ஞ) விதிவிலக்கை விரிவாக்கியதால் அதிகாரிகளின் பெயர்கள்கூட மறைக்கப்படலாம் என்று பத்திரிகையாளர் அமைப்புகளும் தகவல் உரிமை இயக்கத்தாரும் சேர்ந்தே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீங்கள் ஒரு மனுப் போட்டுப் பெறும் சாலை ஒப்பந்த நகல், விளம்பரத்துக்கு அஞ்சித் தயங்கும் ஒரு நாளிதழைக்கூட எழுத வைக்கும். ஆவணம் கையில் இருக்கும்போது மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியது ஆசிரியரின் பாடாகிறது.

வழக்கு நாளன்று நீதிமன்றத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதால் என்ன ஆகப்போகிறது?

குற்றவியல் விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். இடம் இருக்கும்வரை யாரும் உள்ளே போய் அமரலாம். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். வழக்கு எண், அரசுத் தரப்பில் யார் வந்தார், எந்தச் சாட்சி வரவில்லை, எதற்காக வாய்தா கேட்கப்பட்டது, அடுத்த தேதி என்ன என்று குறித்து, அன்று மாலையே செய்தியாளரின் வழக்கறிஞருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். முதல் வாய்தாவுக்கு நாற்பது பேர் வருவார்கள். பதினோராவது வாய்தாவுக்கு வருகிற இரண்டு பேரைத்தான் எதிர்த்தரப்பு எண்ணிக்கொண்டிருக்கும்.